சளிக்கு ஆறு மருந்தா? தங்கச்சிக்கு அக்கா சொல்ற டிப்ஸ்

தங்கச்சி, ஐப்பசி மழை ஆரம்பிச்சா நம்ம தாம்பரம் பக்கத்து கிளினிக் வாசல் எப்படி இருக்கும்னு உனக்கே தெரியும். முடிச்சூர் ரோடு, கேம்ப் ரோடு, ராஜகீழ்ப்பாக்கம், குரோம்பேட்டை எங்க பார்த்தாலும் சாயங்காலம் டோக்கன் வாங்கிட்டு, மடியில குழந்தையோட அம்மாக்கள் காத்துக்கிட்டு இருப்பாங்க. உள்ள போய் அஞ்சு நிமிஷத்துல வெளிய வந்தா கையில ஒரு நீளமான சீட்டு. காய்ச்சலுக்கு ஒரு சிரப், சளிக்கு ஒண்ணு, இருமலுக்கு ஒண்ணு, ஆன்டிபயாடிக் ஒண்ணு, ராத்திரிக்கு அலர்ஜி மருந்து, பசிக்கு டானிக். பக்கத்து மெடிக்கல்ல ஒரு பை நிறைய வாங்கிட்டு வீட்டுக்கு வருவோம். மூக்கு ஒழுகுற சாதாரண சளிக்கு, அந்தப் பையில காய்ச்சல் மருந்தைத் தவிர மத்தது பெரும்பாலும் தேவையே இல்ல.

இது டாக்டர்களைத் திட்டுற கட்டுரை இல்ல. சீட்டு நீளமாகுறதுல நமக்கும் பங்கு இருக்கு. "ஊசி போடுங்க டாக்டர், சீக்கிரம் சரியாகணும்"னு கேட்குறது நாமதான். மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துல ஷிஃப்ட் பார்க்குற பொண்ணுக்கு ஒரு நாள் லீவு போட்டா சம்பளம் போகுது. சிறுசேரிக்கும் பெருங்குடிக்கும் வேலைக்குப் போறவளுக்கு, குழந்தையை க்ரெச்ல விடாம வழியில்ல. மூக்கு ஒழுகுற குழந்தையைச் சேர்த்துக்க மாட்டேன்னு க்ரெச்ல சொல்றாங்க. அந்த அவசரம் அம்மாகிட்டருந்து டாக்டருக்கும், டாக்டர்கிட்டருந்து சீட்டுக்கும் போகுது. கடைசியில அத்தனையும் குழந்தை வயித்துக்குள்ள போகுது. அதை எங்க நிறுத்தணும், எப்படி நிறுத்தணும்னு ஒவ்வொண்ணா சொல்றேன், பொறுமையா படி.

முதல்ல இதைத் தெரிஞ்சுக்கோ: கோல்ட்ரிஃப்

2025 செப்டம்பர், அக்டோபர்ல மத்தியப் பிரதேசத்துல சிந்த்வாரா மாவட்டத்துல 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தாங்க. பெரும்பாலும் அஞ்சு வயசுக்குள்ள உள்ள பிள்ளைங்க. அவங்களுக்கு வந்தது சாதாரண சளி, இருமல், காய்ச்சல். கொடுத்தது கோல்ட்ரிஃப்ங்கிற இருமல் சிரப். அந்த மருந்து தயாரானது நம்ம ஒரகடத்துக்கு மேற்கே, காஞ்சிபுரம் மாவட்டம் சுங்குவார்சத்திரத்துல இருந்த ஸ்ரீசன் பார்மசூட்டிகல்ஸ் தொழிற்சாலையில. தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எஸ்.ஆர்-13ங்கிற தொகுதியைச் சோதிச்சப்ப 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைக்கால் இருந்துச்சு. தொழிற்சாலைகள்ல கரைப்பானா பயன்படுத்துற ரசாயனம் அது. மருந்துல 0.1 சதவீதத்துக்கு மேல இருக்கவே கூடாது. கம்பெனி உரிமத்தை ரத்து பண்ணிட்டாங்க, உரிமையாளரைக் கைது பண்ணாங்க.

இது புதுசும் இல்ல. 1972-ல இதே சென்னையில இதே ரசாயனம் கலந்த மருந்தால குழந்தைகள் இறந்திருக்காங்க. 2022-ல ஆப்பிரிக்காவுல காம்பியா நாட்டுலயும் இந்தியாவுல தயாரான சிரப்புகள் மேல இதே குற்றச்சாட்டு வந்துச்சு.

எனக்கு இதுல ரொம்ப வலிக்கிற விஷயம் வேற. கோல்ட்ரிஃப்ல இருந்தது பாராசிட்டமால், குளோர்பெனிரமின், பினைலெஃப்ரின். இதுல பின்னால சொன்ன ரெண்டும் சேர்ந்த சளி மருந்தை நாலு வயசுக்குக் கீழே கொடுக்கக் கூடாதுன்னு பாட்டில்லயே அச்சடிக்கணும்னு மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பர்லயே சொல்லிடுச்சு. விஷம் கலக்காத நல்ல பாட்டிலா இருந்திருந்தாலும் அந்தச் சின்னப் பிள்ளைங்களுக்கு அது வேண்டாத மருந்து. தேவையில்லாத மருந்துல லாபம் ஒண்ணும் கிடையாது, ஆபத்து மட்டும்தான் மிச்சம். இந்தக் கட்டுரையில நான் சொல்ல வர்றது இவ்வளவுதான். மத்த டிப்ஸ் எல்லாம் இதுலருந்துதான் வருது.

1. சளி எத்தனை நாள் இருக்கும்னு தெரிஞ்சு வெச்சுக்கோ

எல்.கே.ஜி., க்ரெச் போற குழந்தைக்கு வருஷத்துக்கு ஆறுலருந்து எட்டு தடவை சளி பிடிக்கிறது சகஜம். மழைக்காலத்துல மாசம் ஒரு தடவைகூட வரும். "என் குழந்தைக்கு எதிர்ப்புச் சக்தியே இல்ல"ன்னு பயப்படாதே. சக்தி அப்படித்தான் வளரும்.

சளி பெரும்பாலும் வைரஸால வருது. முதல் ரெண்டு மூணு நாள் காய்ச்சலும் சிணுங்கலும் இருக்கும். அப்புறம் மூக்குச்சளி கெட்டியாகி மஞ்சளா, பச்சையா மாறும். நிறம் மாறினதாலயே ஆன்டிபயாடிக் தேவைன்னு அர்த்தம் இல்ல. பத்து நாளுக்குள்ள சளி குறைஞ்சிடும், இருமல் மட்டும் ரெண்டு மூணு வாரம் இழுக்கும். இது தெரியாம நாலாவது நாள் ஒரு டாக்டர், ஏழாவது நாள் "கைராசி"ன்னு இன்னொரு டாக்டர்னு மாறிக்கிட்டே இருந்தா, ஒவ்வொருத்தரும் முன்னவரை விட பலமான மருந்து எழுதுவாங்க. பத்தாவது நாள் தானா சரியானதுக்குக் கடைசி டாக்டருக்குப் பேர் கிடைக்கும்.

2. சின்னக் குழந்தைக்கு இருமல் சிரப் வேண்டாம்

கோல்ட்ரிஃப் சம்பவத்துக்கு அப்புறம் 2025 அக்டோபர்ல மத்திய சுகாதாரத் துறை தெளிவா சொல்லிடுச்சு. ரெண்டு வயசுக்குக் கீழே சளி, இருமல் மருந்தை எழுதவும் கூடாது, கொடுக்கவும் கூடாது. அஞ்சு வயசு வரைக்கும் பொதுவா பரிந்துரைக்கிறதே இல்ல. அதுக்கு மேலயும் டாக்டர் பார்த்து, குறைஞ்ச நாளுக்கு, குறைஞ்ச அளவுல மட்டும்.

அதுக்குப் பதில் என்ன பண்ணலாம்?

- மூக்கு அடைச்சா சலைன் சொட்டு மருந்து, பால் குடிக்கிறதுக்கு முன்னாடியும் தூங்க வைக்கிறதுக்கு முன்னாடியும். இது வெறும் உப்புத் தண்ணிதான். மூக்கடைப்பைத் திறக்குற வேற சொட்டு மருந்தை நீயா வாங்கி விடாதே.
- ஒரு வயசு தாண்டின குழந்தைக்குப் படுக்கும்போது அரை ஸ்பூன் தேன். ஒரு வயசுக்குள்ள தேன் வேண்டவே வேண்டாம். அந்த வயசுல தேனால பொட்டுலிசம்ங்கிற கடுமையான நோய் வரலாம்.
- தாய்ப்பால், வெதுவெதுப்பான தண்ணி, ரசம் சாதம், கஞ்சி. அளவு குறைவா, தடவை அதிகமா.
- கொதிக்கிற தண்ணிச் சட்டி மேல குழந்தை முகத்தைப் பிடிச்சு ஆவி பிடிக்க வைக்காதே. கொட்டிட்டா வெந்து போயிடும். மூக்குக்குள்ள எண்ணெய் விடாதே, நுரையீரலுக்குப் போயிடும்.

3. ஆன்டிபயாடிக்: மூணு கேள்வி கேளு

சளிக்கும், சாதாரண வைரஸ் காய்ச்சலுக்கும், மூச்சுக்குழாய் வைரஸ் தொற்றுக்கும் ஆன்டிபயாடிக் வேலை செய்யாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே 2022-ல வெளியிட்ட வழிகாட்டியில லேசான காய்ச்சலுக்கும் வைரஸ் மூச்சுக்குழாய் அழற்சிக்கும் இதைத் தவிர்க்கச் சொல்லியிருக்கு. ஆனா நிமோனியா, காதுல சீழ், சிறுநீர்த் தொற்று, பாக்டீரியாவால வர்ற தொண்டைப்புண் இதுக்கெல்லாம் ஆன்டிபயாடிக் உயிர் காக்கும். அங்க தயங்கவே கூடாது.

அதனால சீட்டுல அந்தப் பேரைப் பார்த்தா இப்படிக் கேளு: "இது பாக்டீரியான்னு எதை வெச்சு நினைக்கிறீங்க டாக்டர்?" "ரெண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா, இல்ல இன்னைக்கே ஆரம்பிக்கணுமா?" "எத்தனை நாள் கொடுக்கணும்?" நல்ல டாக்டர் யாரும் இதுக்குக் கோபப்பட மாட்டாங்க. "காது சிவந்திருக்கும்மா, இன்னைக்கே ஆரம்பி"ன்னு காரணம் சொல்வாங்க, இல்லன்னா "சரி, ரெண்டு நாள் பார்ப்போம்"னு சொல்வாங்க.

இன்னொண்ணு. மருந்து அட்டையில செங்குத்தா ஒரு சிவப்புக் கோடு இருந்தா, சீட்டு இல்லாம வாங்கக் கூடாதுன்னு அர்த்தம். செஃபிக்ஸிம் மாதிரி பல ஆன்டிபயாடிக் ஹெச்1 அட்டவணையில இருக்கு. 2014 மார்ச்லருந்து இந்த மருந்தை வித்தா டாக்டர் பேர், நோயாளி பேர் எல்லாம் கடைக்காரர் பதிவேட்டுல எழுதி மூணு வருஷம் வெச்சிருக்கணும். "அண்ணே, போன தடவை கொடுத்த அந்தச் சிரப்பே கொடுங்க"ன்னு நீ கேட்காதே. மிச்சம் இருக்குற பாட்டிலை அடுத்த காய்ச்சலுக்கு எடுக்காதே. தண்ணி கலக்குற பவுடர் சிரப்பு கலந்த சில நாள்லயே வீரியம் இழந்துடும். எத்தனை நாள் தாங்கும், ஃபிரிட்ஜ்ல வைக்கணுமான்னு பாட்டில்லயே எழுதியிருக்கும்.

வேண்டாத இடத்துல கொடுத்த ஆன்டிபயாடிக் உடனே தர்ற கஷ்டம் பேதி, வாய்ப்புண், உடம்புல தடிப்பு. அதைவிடப் பெரிய கஷ்டம், கிருமிகள் மருந்துக்குப் பழகிப்போறது. 2012-ல டாக்டர்கள் சென்னையில கூடி இதுக்குன்னே "சென்னை பிரகடனம்" வெளியிட்டாங்க. நம்ம தாம்பரம் சானடோரியத்துல 1928-லருந்து காசநோய்க்கு வைத்தியம் நடக்குது. மருந்துக்கு அடங்காத காசநோய் ஒரு குடும்பத்தை என்ன பாடு படுத்தும்னு அந்த ஊர்க்காரங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்ல. உன் குழந்தைக்கு நாளைக்கு நிஜமாவே நிமோனியா வந்தா மருந்து கேட்கணும். அதுக்காகத்தான் இன்னைக்குச் சளிக்கு வேண்டாம்னு சொல்றேன்.

4. காய்ச்சல் மருந்து எடையைப் பார்த்துக் கொடு

காய்ச்சல் உடம்பு கிருமியோட போராடுற அடையாளம். தெர்மாமீட்டர் காட்டுற எண்ணை விட குழந்தை எப்படி இருக்குங்கிறதுதான் முக்கியம். 102 காட்டினாலும் மருந்து கொடுத்த பிறகு விளையாடுதா, தண்ணி குடிக்குதா, மூத்திரம் போகுதா? அப்போ பதறாதே. 100 தான் இருக்கு, ஆனா துவண்டு கிடக்கு, அப்போ உடனே காட்டு. மூணு மாசத்துக்குள்ள இருக்குற பச்சக்குழந்தைக்கு 100.4 தாண்டினா நீயா மருந்து கொடுக்காதே, நேரா டாக்டர்கிட்ட போ.

பாராசிட்டமால் அளவு: ஒரு கிலோவுக்கு ஒரு தடவைக்கு 10-லருந்து 15 மில்லிகிராம். ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல வேண்டாம். இதுல ஒரு பொறி இருக்கு. ஒரே மருந்து மூணு வீரியத்துல வருது. 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் கொடுக்கணும்னு வை.

- 5 மில்லியில 120 மில்லிகிராம் இருக்குற சிரப்புன்னா சுமார் 6 மில்லி.
- 5 மில்லியில 250 மில்லிகிராம் இருக்குறதுன்னா 3 மில்லி.
- 1 மில்லியில 100 மில்லிகிராம் இருக்குற சொட்டு மருந்துன்னா 1.5 மில்லி.

பாட்டில் மாறினதைக் கவனிக்காம பழைய அளவையே ஊத்தினா ரெண்டு மடங்கு, சொட்டு மருந்துன்னா நாலு மடங்கு போயிடும், கல்லீரலுக்கு ஆபத்து. வீட்டு டீஸ்பூனை நம்பாதே, பாட்டிலோட வர்ற மூடி அளவையோ சிரிஞ்சையோ பயன்படுத்து. சளி சிரப்புலயும் பாராசிட்டமால் கலந்திருக்கும். அதையும் காய்ச்சல் சிரப்பையும் சேர்த்துக் கொடுத்தா அளவு கூடிடும். லேபிளைப் படி.

மெஃபனாமிக் ஆசிட், ஐபுப்ரோஃபென் இதெல்லாம் மழைக்காலத்துல நீயா கொடுக்காதே. டெங்குவா இருந்தா ரத்தக்கசிவை அதிகமாக்கும். நிமெசுலைடை 12 வயசுக்குக் கீழே கொடுக்கக் கூடாதுன்னு 2011-லயே இந்தியாவுல தடை பண்ணிட்டாங்க. பழைய பாட்டில் இருந்தா தூக்கிப் போடு. ஆஸ்பிரினும் குழந்தைக் காய்ச்சலுக்கு வேண்டாம்.

5. டெஸ்ட் எழுதினா, "ரிசல்ட் வந்தா என்ன மாறும்?"

காய்ச்சல் வந்த ரெண்டாம் நாளே வைடால் டெஸ்ட் எடுத்து "டைபாய்டு"ன்னு சொல்றது நம்ம பக்கம் ரொம்ப சாதாரணமா நடக்குது. முதல் வாரத்துல வைடால் நம்பகமா இல்ல. வேற காய்ச்சல்லயும் பாசிட்டிவ் காட்டும். அந்த ஒரு தாளை நம்பி நாள்கணக்குல ஊசி ஏத்துறாங்க. டைபாய்டு சந்தேகம் நிஜமா இருந்தா ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பிளட் கல்ச்சர் எடுக்கலாமான்னு கேளு.

டெங்குவுக்கு முதல் அஞ்சு நாள்ல என்.எஸ்.1 டெஸ்ட், அதுக்கப்புறம் ஐ.ஜி.எம். டெஸ்ட். டெங்கு உறுதியானா சிகிச்சை என்ன தெரியுமா? தண்ணி, பாராசிட்டமால், கண்காணிப்பு. ஆன்டிபயாடிக் கிடையாது. பிளேட்லெட் எண்ணிக்கையை மட்டும் பார்த்து அலறாதே. ரத்தக்கசிவு இல்லாதப்போ, எண்ணிக்கை குறைஞ்சதுக்காக மட்டும் பிளேட்லெட் ஏத்துறது பொதுவா தேவைப்படாது. நீ பயப்பட வேண்டிய நேரம் காய்ச்சல் இறங்குற நேரம். மூணாம் நாள்லருந்து ஏழாம் நாளுக்குள்ள, காய்ச்சல் விட்ட பிறகு வயித்து வலி, தொடர் வாந்தி, கை கால் ஜில்லுன்னு ஆகுறது, மூக்குலயோ ஈறுலயோ ரத்தம், அசதி, மூத்திரம் குறையுறது. இதுல எது வந்தாலும் ராத்திரின்னு பார்க்காம கிளம்பு.

சாதாரண சளிக்கு எக்ஸ்-ரே வேண்டாம். "அலர்ஜி பேக்கேஜ்", "ஃபுல் பாடி செக்கப்"னு குழந்தைக்கும் விளம்பரம் வருது. அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைக்கு அதுல பணமும் ரத்தமும்தான் வீண்.

6. நெபுலைசரும் மான்டெலுகாஸ்ட்டும்

மூக்குச்சளிக்கு நெபுலைசர் தேவையில்ல. அது வீசிங், ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு. "நெஞ்சுல சளி கட்டியிருக்கு, ரெண்டு வேளை வந்து வெச்சுட்டுப் போங்க"ன்னு சொன்னா, "இவனுக்கு வீசிங் இருக்கா டாக்டர்?"னு கேளு. இருந்தா, மாஸ்க்கோட ஸ்பேசர் வெச்ச இன்ஹேலரே அதே பலனைத் தரும். விலையும் கம்மி, பையில போட்டு எடுத்துட்டும் போகலாம். இன்ஹேலர்னா பழகிடும்னு பயப்பட வேண்டாம். ஆஸ்துமா உள்ள குழந்தைக்கு அதை நிறுத்துறதுதான் ஆபத்து.

மான்டெலுகாஸ்ட் சிரப் இப்போ சளிக்கெல்லாம் எழுதுறாங்க. கெட்ட கனவு, எரிச்சல், மன மாற்றம், தற்கொலை எண்ணம் வரைக்கும் வரலாம்னு அமெரிக்க மருந்து நிர்வாகம் 2020 மார்ச்ல கடும் எச்சரிக்கை போட வெச்சுது. ஆஸ்துமாவுக்கு டாக்டர் யோசிச்சு எழுதினா அது வேற. சளிக்கு எழுதினா, "இது இல்லாம சமாளிக்கலாமா?"ன்னு கேளு. குழந்தை ராத்திரி அலறி எழுந்தாலோ, குணம் மாறினாலோ உடனே சொல்லு.

7. வயித்துப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ்.ஸும் ஜிங்க்கும் போதும்

2024 டிசம்பர்ல பல்லாவரம் பக்கம் வாந்தி, வயித்துப்போக்குன்னு நிறைய பேர் ஆஸ்பத்திரியில சேர்ந்தது நினைவிருக்கும். லாரித் தண்ணி, கேன் தண்ணின்னு வாழுற நம்ம ஏரியாவுல குடிதண்ணியைக் கொதிக்க வெச்சு ஆற வைக்கிறதுதான் முதல் மருந்து.

பேதி வந்தா ஆன்டிபயாடிக்கும் வேண்டாம், பேதியை நிறுத்துற மருந்தும் வேண்டாம். மலத்துல ரத்தம் வந்தா மட்டும் டாக்டர் பார்த்து முடிவு பண்ணுவாங்க. உலக சுகாதார நிறுவனத்தோட ஃபார்முலா எழுதியிருக்குற ஓ.ஆர்.எஸ். பாக்கெட் வாங்கு. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல இலவசமாவே கிடைக்கும். ஒரு லிட்டர் பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில முழுசாக் கலக்கணும், கொஞ்சம் கொஞ்சமா கலக்கக் கூடாது. 200 மில்லி பாக்கெட்டும் உண்டு, பார்த்து வாங்கு. ஒவ்வொரு தடவை போனதுக்கும் ரெண்டு வயசுக்குள்ள 50-லருந்து 100 மில்லி, பெரிய குழந்தைக்கு 100-லருந்து 200 மில்லி. ஸ்பூன் ஸ்பூனா கொடு. கூடவே ஜிங்க் 14 நாள், ஆறு மாசம் தாண்டின குழந்தைக்கு 20 மில்லிகிராம், ரெண்டு மாசத்துலருந்து ஆறு மாசம் வரை 10 மில்லிகிராம். பேதி நின்னாலும் 14 நாளும் கொடு.

கலர் கலரா டெட்ரா பாக்கெட்ல வர்ற இனிப்புத் தண்ணியை ஓ.ஆர்.எஸ்.னு நம்பி வாங்காதே. சர்க்கரை அதிகமானா பேதி கூடும். ஹைதராபாத் குழந்தை மருத்துவர் சிவரஞ்சனி சந்தோஷ் பல வருஷம் போராடினதுக்கு அப்புறம், 2025 அக்டோபர்ல அந்த மாதிரி பானங்கள் மேல "ஓ.ஆர்.எஸ்."னு போடக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டுச்சு.

குழந்தை வாயால குடிச்சா டிரிப்ஸ் தேவையில்ல. "குளுக்கோஸ் ஏத்துனாதான் தெம்பு வரும்"னு நீயா கேட்காதே.

8. பசிக்கு டானிக் வேண்டாம், சர்ஜரிக்கு அவசரம் வேண்டாம்

"சாப்பிடவே மாட்டேங்குறான்"னு சொன்ன உடனே பசி சிரப் எழுதுறாங்க. அதுல இருக்குற சைப்ரோஹெப்டடின் ஒரு அலர்ஜி மருந்து, தூக்கம் வரும், நிறுத்தினா பசி பழைய நிலைமைக்கு வந்துடும். டானிக் கேட்குறதுக்கு முன்னாடி எடையைப் பாரு. பிறந்த எடை அஞ்சு மாசத்துல ரெண்டு மடங்கு, ஒரு வயசுல மூணு மடங்கு, ரெண்டு வயசுல நாலு மடங்கு ஆகணும். அங்கன்வாடியில கொடுக்குற வளர்ச்சி அட்டையில கோடு மேல போயிட்டு இருந்தா உன் குழந்தை தேவையானதைச் சாப்பிடுதுன்னு அர்த்தம். இரும்புச்சத்துக் குறைவு இருந்தா மட்டும் டாக்டர் சொல்ற அளவுல இரும்பு மருந்து.

டான்சில் எடுக்கணும்னு சொன்னா இந்தக் கணக்கைக் கேளு. டாக்டர் பார்த்துக் குறிச்ச தொண்டை அழற்சி ஒரு வருஷத்துல ஏழு தடவை, இல்ல தொடர்ந்து ரெண்டு வருஷம் அஞ்சு அஞ்சு தடவை, இல்ல மூணு வருஷம் மூணு மூணு தடவை. அதுக்குக் கம்மின்னா பொதுவா பொறுத்துப் பார்க்கலாம். தூக்கத்துல மூச்சு நின்னு நின்னு வந்தா அது தனி விஷயம், தள்ளிப் போடாதே. அவசரமில்லாத எந்த சர்ஜரிக்கும் இன்னொரு டாக்டர்கிட்ட கருத்துக் கேளு. எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனைக்கு நம்ம தாம்பரத்துலருந்து ஒரே ரயில்தான்.

9. டாக்டர் முன்னாடி பேசப் பழகு

- வீட்டுலயே எழுதிட்டுப் போ: காய்ச்சல் என்னைக்கு ஆரம்பிச்சது, எவ்வளவு, என்ன மருந்து எத்தனை மணிக்குக் கொடுத்தே, எத்தனை தடவை மூத்திரம் போச்சு.
- "ஊசி போடுங்க", "நாளைக்கு ஸ்கூல் போகணும்"னு ஆரம்பிக்காதே. "மருந்து இல்லாமலே சரியாகும்னா அப்படியே விடலாம் டாக்டர்"னு நீயே சொல்லிடு. அந்த ஒரு வார்த்தை அவங்க பேனாவைப் பாதி நிறுத்தும்.
- சீட்டுல குழந்தையோட எடை எழுதியிருக்கான்னு பாரு. இல்லன்னா எழுதச் சொல்லு.
- "இதுல எதை நிறுத்தினா பரவாயில்ல? எந்த அறிகுறி வந்தா திரும்பி வரணும்?"னு கேட்டுட்டு எழுந்திரு.
- ஒரே டாக்டர்கிட்ட போ. சீட்டு எல்லாத்தையும் ஒரு ஃபைல்ல போடு. ஆஸ்பத்திரியில சேர்த்திருந்தா, நீ கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள சிகிச்சை விவரங்களைத் தரணும்ங்கிறது டாக்டர்களுக்கான விதி.
- மாமியார், பக்கத்து வீட்டு அக்கா, அப்பார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப் எல்லாரும் அன்புலதான் சொல்வாங்க. "டாக்டர் ரெண்டு நாள் பார்க்கச் சொல்லியிருக்காங்க அத்தை"ன்னு சொல்லிட்டு உறுதியா இரு.

10. எப்போ ஒரு நிமிஷம்கூடக் காத்திருக்கக் கூடாது

பொறுக்கச் சொன்னதெல்லாம் சாதாரண நோய்க்கு. இது வேற. இதை ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டு.

- மூச்சு வேகம்: குழந்தை அமைதியா இருக்கும்போது ஒரு நிமிஷம் முழுசா வயித்தைப் பார்த்து எண்ணு. ரெண்டு மாசத்துக்குள்ள 60 அல்லது அதுக்கு மேல, ரெண்டு மாசத்துலருந்து ஒரு வயசு வரை 50, ஒரு வயசுலருந்து அஞ்சு வயசு வரை 40. இதைத் தொட்டா நிமோனியாவா இருக்கலாம்.
- மூச்சு இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுறது, உதடு நீலமாகுறது.
- பால் குடிக்க முடியாதது, குடிச்சதெல்லாம் வாந்தி, வலிப்பு, எழுப்பினா எழாதது.
- ஆறு எட்டு மணி நேரமா மூத்திரம் இல்லாதது, கண் குழி விழுறது.
- அழுத்தினாலும் மறையாத ஊதாப் புள்ளிகள், கழுத்து விறைப்பு.

108-ஐ கூப்பிடு. சந்தேகம் கேட்க 104 இருக்கு. குரோம்பேட்டை அரசு மருத்துவமனை பக்கத்துலயே இருக்கு, பெரிய பிரச்சினைன்னா எழும்பூர்.

வேண்டாத மருந்துன்னு நான் சொன்னதைத் தடுப்பூசியோட குழப்பிக்காதே. ஆரம்ப சுகாதார நிலையத்துல புதன்கிழமை போடுற தடுப்பூசி ஒண்ணு விடாம போடு. நிமோனியா, தட்டம்மை, ரோட்டா வைரஸ் பேதி இதையெல்லாம் தடுத்தா பாதி ஆன்டிபயாடிக்குக்கு வேலையே இருக்காது.

இன்னைக்கே மூணு வேலை பண்ணு. மருந்து டப்பாவைத் திறந்து பழைய சிரப்புகளை எடுத்துப் போடு. குழந்தையை எடை போட்டு, அந்த எடைக்குப் பாராசிட்டமால் எத்தனை மில்லின்னு பாட்டில் மேலயே எழுதி ஒட்டு. நாலு பாக்கெட் ஓ.ஆர்.எஸ். வாங்கி வை. அப்புறம் ஒரு நாள் நீ பதறிப்போய் கிளினிக்குக்கு ஓடுவே. அங்க ஒரு டாக்டர் குழந்தையை நிதானமாப் பார்த்துட்டு, "மருந்து ஒண்ணும் வேண்டாம்மா, நல்லாத்தான் இருக்கான், மூணு நாள் கழிச்சும் காய்ச்சல் இருந்தா வா"ன்னு சொல்வாங்க. "இதுக்கா இவ்வளவு ஃபீஸ்?"னு நினைக்காதே. மனசார கொடு. ஆறு மருந்து எழுதுறது சுலபம். எழுதாம இருக்கத்தான் படிப்பும் தைரியமும் வேணும். அடுத்த தடவையும் அந்த டாக்டர்கிட்டயே போ, உன் தெருவுல இருக்குற மத்த அம்மாக்களுக்கும் அவங்க பேரைச் சொல்லு.